புதுச்சேரி மரபுரிமைக் கட்டடங்களும் வாடகைப் பயன்பாடும்

புதுச்சேரி மரபுரிமைக் கட்டடங்கள் என்பன, இந்தியாவின் ஒன்றியப் பகுதிகளுள் ஒன்றான புதுச்சேரியின் தலைநகரில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் எழுந்து இன்றும் பயன்பாட்டில் உள்ள வீடுகள், அலுவலகங்கள், கல்விக்கூடங்கள், வழிபாட்டிடங்கள் முதலியவற்றைக் குறிக்கும். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை தனியாருக்குச் சொந்தமான வீடுகள் ஆகும். கோயில்களையும் கோட்டைகளையும் போல இவற்றைத் தொல்லியல் துறை பராமரிப்பதில்லை. உரிமையாளர் தாமே குடியிருந்தோ, பிறருக்கு வாடகைக்கு விட்டோ, அதில் கிடைக்கும் பணத்தைக் கொண்டே இவற்றைக் காத்துவர வேண்டியுள்ளது. ஆகவே, பழைய வீடு ஒன்றிலிருந்து கிடைக்கும் வாடகை அதன் பராமரிப்புச் செலவுக்குப் போதுமா என்பதே, அவ்வீடு நிலைக்குமா இடிக்கப்படுமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

நகர அமைப்பும் வரலாறும்

பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் 1670களில் குடியேறினர். பிரான்சுவா மர்த்தேன் இக்குடியேற்றத்தை வளர்த்தவர் ஆவார். 1693 இல் ஒல்லாந்தர் நகரைக் கைப்பற்றி 1699 வரை வைத்திருந்தனர். தெருக்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்லும் இன்றைய கட்ட அமைப்புக்கான திட்டம் அவர்கள் காலத்தில் வரையப்பட்டது. 1761 இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றிக் கோட்டையையும் பெரும்பாலான கட்டடங்களையும் தகர்த்தனர். 1765 இல் நகரம் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசம் வந்த பின்னர், பழைய தெரு அமைப்பின் மீதே கட்டடங்கள் திரும்ப எழுப்பப்பட்டன. எனவே இன்று காணப்படும் வீடுகள் பெரும்பாலும் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 19 ஆம் நூற்றாண்டையும் சேர்ந்தவை. 1761 ஆம் ஆண்டு அழிவுக்குத் தப்பியவற்றுள் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை குறிப்பிடத்தக்கது. இதன் கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சுத் தூண் வரிசையுடனும் அமைந்துள்ளது.

பழைய நகரம் முட்டை வடிவானது. அதனைச் சுற்றி அகன்ற சாலைகள் அமைந்திருப்பதால் இப்பகுதி புல்வார் நகரம் எனப்படுகிறது. வடக்குத் தெற்காகச் செல்லும் பெரிய வாய்க்கால் இதனை இரண்டாகப் பிரிக்கிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே கடலை ஒட்டிய பகுதி ஐரோப்பியர் வாழ்ந்த வெள்ளை நகரம் ஆகும். மேற்கே உள்ளது தமிழர் பகுதி. தமிழர் பகுதிக்குள் இந்துக்கள், கிறித்தவர், முசுலிம்கள் ஆகியோரின் தெருக்கள் தனித்தனிக் கூட்டங்களாக அமைந்தன.

வாடகைக்குக் குடியிருத்தல் இந்நகரின் வரலாற்றோடு பிணைந்த ஒன்றாகும். பிரித்தானிய இந்தியாவில் கைதாகும் நிலையிலிருந்த பலர் பிரெஞ்சு எல்லைக்குள் வந்து வாடகை வீடுகளில் தங்கினர். சுப்பிரமணிய பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்கு வாடகை வீடுகளிலேயே வாழ்ந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் குடியிருந்த வீடு பின்னர் அரசின் பொறுப்பில் நினைவு அருங்காட்சியகமும் ஆய்வு மையமும் ஆயிற்று. 1910 இல் வந்த அரவிந்தர், முதலில் கோமுட்டி வீதியில் ஒரு செட்டியார் வீட்டில் விருந்தினராகவும், பின்னர் பல ஆண்டுகள் வெவ்வேறு வாடகை வீடுகளிலும் தங்கியிருந்தார்.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகத்து 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இக்காலப்பகுதியில் பிரெஞ்சு அலுவலர்களும் குடும்பங்களும் வெளியேற, வெள்ளை நகரத்து வீடுகள் பல கைமாறின.

இரு வகை வீடுகள்

வெள்ளை நகரத்து வீடு தெருவுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளாதது. உயர்ந்த மதிற்சுவர், அலங்காரமான வாயில், அதற்குள் தோட்டம் அல்லது முற்றம், வளைவுகளோடு கூடிய தாழ்வாரம், உயரமான கூரை, சாய்ந்த மரச் சட்டங்கள் பொருத்திய சன்னல் கதவுகள் என்பன இதன் இயல்புகள்.

தமிழர் பகுதி வீடு இதற்கு மாறாகத் தெருவை நோக்கித் திறந்தது. தெருவோரத்தில் மரத்தூண்கள் தாங்கும் சாய்வான ஓட்டுக் கூரையுடன் தாழ்வாரம் இருக்கும். வழிப்போக்கரும் அமர்ந்து இளைப்பாறும் இடமாக அது இருந்தது. அதையடுத்துத் திண்ணை, செதுக்கு வேலைப்பாடுள்ள தேக்குக் கதவு, உள்ளே வானம் பார்த்த முற்றம், அதனைச் சுற்றித் தூண்கள் என வீடு விரியும். வீடுகள் இடைவெளியின்றி அடுத்தடுத்து நிற்பதால், தாழ்வாரங்கள் சேர்ந்து தெரு முழுவதற்கும் ஒரே முகத்தைத் தந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாடி கட்டியவர்கள் கீழே தமிழ்த் திண்ணையையும் மேலே பிரெஞ்சு முறை அரைத்தூண்களையும் கைப்பிடிச் சுவர்களையும் சேர்த்தனர். இக்கலப்பு முறையே புதுச்சேரிக்கு உரிய தனித்தன்மையாகக் கருதப்படுகிறது.

இவ்வமைப்பினால் ஒரு விளைவும் உண்டு. வெள்ளை நகரத்தில் ஒரு வீடு மாறினால் பெரும்பாலும் அவ்வீடு மட்டுமே மாறுகிறது. தமிழர் தெருவில் ஒரு தாழ்வாரம் இடிந்தால் தெருவின் தொடர்ச்சியே அறுபடுகிறது.

அழிவுக்கான காரணங்கள்

கட்டுமானப் பொருட்கள்

பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. மாடித் தளங்கள் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் முறையில் அமைந்தவை. இம்முறையில் மர உத்தரங்களின் மீது சிறு செங்கற்களைச் செங்குத்தாகச் சாய்வரிசையில் அடுக்கி, சுண்ணாம்புக் காரையால் இணைத்து, மேலே செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதிப்பர். மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். கடற்கரை நகரமாதலால் அவ்வீரத்தில் உப்பும் இருக்கும். உப்பு பூத்துப் படிகமாகும்போது செங்கல் பொடிந்து உதிர்கிறது. சுவருக்குள் செருகப்பட்ட உத்தரத்தின் முனைகள் ஈரத்தாலும் கரையானாலும் இற்றுப் போகின்றன. வெளியே புதிதாகத் தோன்றும் வீடு திடீரென விழுவதற்கு இவையும் காரணமாகின்றன.

உரிமைச் சிக்கல்

தலைமுறைகள் கடந்த வீடுகளுக்கு உரிமையாளர் பலர். அவர்களுள் சிலர் பிரான்சில் வாழ்கின்றனர். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களில், வாரிசுரிமையில் பிரெஞ்சுச் சட்டம் தொடர்பான கேள்விகளும் எழுகின்றன. வாடகை பல பங்காகப் பிரியும்போது, பழுது பார்க்கும் செலவை ஏற்க எவரும் முன்வருவதில்லை. பூட்டியே கிடக்கும் வீடு, குடியிருக்கும் வீட்டைவிட விரைவாக அழிகிறது. ஒழுகும் ஓட்டை உடனே கவனிக்க அங்கு ஆள் இல்லாமையே இதற்குக் காரணம்.

வாடகைக் கட்டுப்பாடு

இரண்டாம் உலகப் போரை ஒட்டி இந்திய நகரங்கள் பலவற்றில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. புதுச்சேரியில் 1969 இல் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் இயற்றப்பட்டது. இது சென்னை மாநிலத்தின் 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிதும் ஒத்தது. நியாய வாடகையை நிருணயித்தல், உரிய காரணமின்றி வாடகைதாரரை வெளியேற்றாமல் தடுத்தல் ஆகியன இதன் நோக்கங்கள். வீடற்ற எளியோருக்கு இச்சட்டங்கள் பெரும் பாதுகாப்பாக இருந்தன. அதே வேளை, விலைவாசிக்கு ஏற்ப உயராத வாடகை, பழைய வீட்டைப் பழுது பார்க்கும் ஆர்வத்தைக் குறைத்தது. மேலும், இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கென வாடகைதாரரை வெளியேற்றக் கோருவது இத்தகைய சட்டங்களில் ஏற்கப்பட்ட காரணங்களுள் ஒன்று. எனவே, வீட்டைக் காலி செய்விக்க விரும்பிய உரிமையாளருக்கு இடிப்பதே ஒரு வழியாகவும் அமைந்தது.

நிலத்தின் மதிப்பு

நேரு வீதி, மகாத்மா காந்தி வீதி போன்ற வணிகத் தெருக்களில் ஒரே மனையில் பல மாடிகள் எழுப்பிக் கடைகளாகவும் அலுவலகங்களாகவும் விட்டால் கிடைக்கும் வாடகை, முற்றமும் திண்ணையும் உள்ள ஒரு வீட்டின் வாடகையைவிடப் பன்மடங்கு அதிகம். தமிழர் பகுதியில் இழப்பு மிகுந்திருப்பதற்கு இது முக்கியக் காரணமாகும்.

பட்டியலிடலும் சட்டப் பாதுகாப்பும்

இந்திய நடுவண் அரசின் 1958 ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டம், தேசிய முக்கியத்துவம் உடையவையாக அறிவிக்கப்பட்ட சின்னங்களையே காக்கிறது. புதுச்சேரிப் பகுதியில் அரிக்கமேடு, பாகூர் மூலநாதர் கோயில் போன்றவை இவ்வகையின. நகரத்து வீடுகள் இதற்குள் அடங்குவதில்லை.

இவ்விடைவெளியை நிரப்ப முயன்ற அமைப்பு, 1984 இல் தொடங்கப்பட்ட இந்தியக் கலை மற்றும் பண்பாட்டு மரபுரிமைக்கான தேசிய அறக்கட்டளை ஆகும். இது சுருக்கமாக இன்டாக் எனப்படுகிறது. இதன் புதுச்சேரிக் கிளை வீடு வீடாகக் கணக்கெடுத்து, முக்கியத்துவத்துக்கு ஏற்ப அவற்றைத் தரம் பிரித்துப் பட்டியலிட்டது. 1990களின் நடுவில் சுமார் 1,800 ஆக இருந்த மரபுரிமைக் கட்டடங்களின் எண்ணிக்கை, 2008 அளவில் சுமார் 1,200 ஆகக் குறைந்துவிட்டதென இவ்வமைப்பு தெரிவித்தது. பட்டியலில் இடம்பெறுவது மட்டும் ஒரு கட்டடத்தைக் காப்பதில்லை என்பதை இது காட்டுகிறது. பட்டியல், எதை இழக்கிறோம் என்பதைக் கூறும். இழப்பைத் தடுக்கச் சட்ட வலுவும் உரிமையாளரின் வருமானமும் தேவைப்படுகின்றன.

வைசியாள் வீதித் திட்டம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ், 2002 முதல் 2004 வரை, இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நோவ்-சூர்-லோ ஆகிய நகரங்களுடன் இணைந்து புதுச்சேரியில் மரபுரிமைப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று நடைபெற்றது. தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதி இதில் மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இவ்வீதி கால்வே சுப்புராயச் செட்டியார் வீதி எனவும் அழைக்கப்படும்.

தனிக் கட்டடம் ஒன்றைச் சீரமைப்பதற்கு மாறாக, ஒரு வீதியின் முகப்புகளை வரிசையாகச் சீரமைத்ததே இத்திட்டத்தின் சிறப்பு. நிதியுதவியோடு வீட்டு உரிமையாளர்களும் செலவில் பங்கேற்றனர். வீடுகள் தொடர்ந்து குடியிருப்புகளாகவே இருந்தன. இவ்வீதிக்கும், அங்கு சீரமைக்கப்பட்ட மேசோன் தமூல் என்ற தமிழ் வீட்டுக்கும் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்பு விருதுகளுள் ஒன்று 2008 இல் கிடைத்தது. எனினும் முகப்பைச் சீரமைக்க ஒருமுறை உதவித்தொகை போதும். கூரையைக் காக்க ஆண்டுதோறும் வருமானம் வேண்டும்.

வாடகைப் பயன்பாட்டின் வகைகள்

விடுதிகள்

வெள்ளை நகரத்தின் ரோமன் ரோலண்டு வீதியில், முன்பு கல்வித்துறை அலுவலகமாக இருந்த மாளிகை சீரமைக்கப்பட்டு, நீம்ரானா நிறுவனத்தின் ஓட்டல் த லொரியான் விடுதியாயிற்று. தமிழர் பகுதியில் பெருமாள் கோயில் வீதியிலுள்ள ஒரு தமிழ் வீடு, மேசோன் பெருமாள் என்னும் விடுதியாக மாற்றப்பட்டது. முற்றமுள்ள பழைய வீட்டுக்குப் பயணிகள் கூடுதல் பணம் தர முன்வருவர் என்பதை இவை உணர்த்தின. பழைமையே வருமானம் தரும்போது அதை இடிக்கும் எண்ணம் எழுவதில்லை. ஆனால், ஒவ்வோர் அறைக்கும் குளியலறை, குளிர்சாதனக் கருவி, மாடியில் நீர்த்தொட்டி என வரும் தேவைகள் பழைய தளத்தின் மீது புதிய சுமையை ஏற்றுகின்றன.

நிறுவனங்கள்

அரவிந்தர் ஆசிரமம் வெள்ளை நகரத்தில் பல பழைய கட்டடங்களைத் தன் தேவைகளுக்குப் பயன்படுத்துகிறது. வெள்ளைக் கரையுடன் கூடிய சாம்பல் நிறப் பூச்சு இவற்றுக்கு அடையாளம். 1955 இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம், தூரக்கிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியின் புதுச்சேரி மையம் ஆகியவையும் பழைய மாளிகைகளில் இயங்குகின்றன. நிலையான நிதியும் நீண்டகால இருப்பும் உடைய நிறுவனம், பழைய கட்டடத்துக்கு ஏற்ற குடியிருப்பாளராக அமைகிறது.

கடைகளும் உணவகங்களும்

இவை கீழ்த்தளத்துக்கு நல்ல வாடகை தருகின்றன. விளம்பரப் பலகைகள் முகப்பை மறைப்பதும், திண்ணை அடைக்கப்பட்டுக் கடையாவதும், உட்சுவர்கள் இடிக்கப்படுவதும் இவற்றால் வரும் கேடுகள்.

குடியிருப்புகள்

மிகக் குறைந்த மாற்றத்தைக் கோருவது குடியிருப்பு. மிகக் குறைந்த வாடகையைத் தருவதும் அதுவே. மரபுரிமைப் பாதுகாப்பின் மையச் சிக்கல் இங்கேதான் உள்ளது.

குத்தகை முறையும் பராமரிப்பும்

இந்தியாவில் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும். இதனைத் தவிர்க்கப் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தமே எழுதப்படுகிறது. பதினொரு மாதத்தில் வெளியேற நேரலாம் என எண்ணும் வாடகைதாரர், உத்தரத்தை மாற்றவோ சுண்ணாம்புப் பூச்சை மீட்கவோ பணம் செலவிட மாட்டார். ஆகையால், வாடகைதாரரே சீரமைக்கும் இடங்களில் பல ஆண்டுகளுக்கான பதிவு செய்த குத்தகை இன்றியமையாதது. அத்தகைய ஒப்பந்தத்தில் பொதுவாகக் கருத்தில் கொள்ள வேண்டியவை பின்வருமாறு:

- தொடக்கத்தில் கட்டடத்தின் நிலையை ஒளிப்படங்களுடன் ஆவணப்படுத்தல்.
- கூரை, உத்தரம், சுவர் போன்ற பெரும் பழுதுகள் யார் பொறுப்பு, அன்றாடப் பழுதுகள் யார் பொறுப்பு எனப் பிரித்தல்.
- வாடகைதாரர் செலவிடும் சீரமைப்புத் தொகையை வாடகையில் கழிக்கும் முறை.
- அனுமதியின்றி மாற்றக் கூடாத பகுதிகளான முகப்பு, தாழ்வாரம், முற்றம், கதவுகள், தளம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறித்தல்.
- மாடியில் ஏற்றக்கூடிய சுமைக்கு வரம்பு.

பராமரிப்பில் காலம் முக்கியமானது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வலுப்பதால், அதற்கு முன்பே ஓடுகளை மாற்றி, முற்றத்து நீர்ப்போக்கியையும் மாடி நீர்க்குழாய்களையும் துப்புரவு செய்ய வேண்டும். சுவர் இடுக்குகளில் முளைக்கும் அரச, ஆலங்கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு நீக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவரின் பழுதைச் சுண்ணாம்புக் காரையாலேயே அடைக்க வேண்டும். இவ்வேலையை அறிந்த கொத்தனார்கள் குறைந்துவருவதால், கட்டடத்தைக் காப்பது கைத்தொழிலைக் காப்பதையும் சார்ந்துள்ளது.

மேரி கட்டடம்

கடற்கரைச் சாலையில் 1870களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட நகரமன்றக் கட்டடம் மேரி எனப்பட்டது. பழுதுற்றிருந்த இக்கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று கனமழையின்போது இடிந்து விழுந்தது. பின்னர் உலக வங்கி நிதியுதவியுடன் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு, 2021 பெப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. காலத்தே செய்யும் பழுது பார்ப்பைவிட மறுகட்டுமானம் மிகுந்த செலவுடையது. அரசுக் கட்டடத்துக்கு அச்செலவு கிடைத்தது; இடிந்து விழும் தனியார் வீட்டுக்கு அவ்வாறு கிடைப்பதில்லை.

பிற இடங்களின் அனுபவம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகர் சியார்ச் டவுனில், 1966 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948 க்கு முற்பட்ட கட்டடங்களுக்குப் பொருந்தியது. இதனால் பழைய கடை வீடுகள் இடிக்கப்படாமல் நின்றன. ஆயினும் பழுது பார்க்கப்படவில்லை. 2000 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கட்டுப்பாடு முற்றாக நீங்கியதும் வாடகைகள் உயர்ந்து, தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008 இல் நகரம் உலக மரபுரிமைக் களமாயிற்று. கட்டுப்பாடு கட்டடங்களை நலிவித்தது, அதன் திடீர் நீக்கம் மக்களை வெளியேற்றியது என்பது அங்கு பெற்ற பாடம்.

மும்பையில் பழைய வாடகைக் கட்டடங்களிலிருந்து வரி பெற்று அவற்றைப் பழுது பார்க்கும் வாரியம் 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. செட்டிநாட்டில் கானாடுகாத்தான், காரைக்குடி ஆகிய ஊர்களின் மாளிகைகள் சில விடுதிகளாயின.

பிரான்சில் 1962 ஆகத்து 4 அன்று இயற்றப்பட்ட மால்ரோ சட்டம், பழைய நகரப் பகுதிகளை முழுமையாகக் காக்கும் முறையை ஏற்படுத்தியது. அதன் பெயரால் வழங்கும் வரிச்சலுகை, அப்பகுதிகளில் கட்டடத்தைச் சீரமைத்து வாடகைக்கு விடுவோருக்குக் கிடைக்கிறது. இந்திய வருமான வரி முறையிலோ, வாடகை வருமானத்தில் 30 விழுக்காடு பொதுக் கழிவாகத் தரப்படுகிறது. நேற்றுக் கட்டிய வீட்டுக்கும் நூற்றைம்பது ஆண்டு வீட்டுக்கும் இக்கழிவு ஒன்றே. மால்ரோ சட்டம் பிறந்த பன்னிரண்டாம் நாள் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. ஆதலால் இச்சட்டத்தின் பயன் புதுச்சேரிக்கு எட்டவில்லை.

விமர்சனங்கள்

மரபுரிமைப் பாதுகாப்பு வெள்ளை நகரத்தையே முன்னிறுத்துகிறது, தமிழர் பகுதி பின்தள்ளப்படுகிறது என்ற குறை நெடுங்காலமாக உண்டு. சுற்றுலாவால் உயரும் வாடகை, அங்கு வாழ்ந்த குடும்பங்களை நகருக்கு வெளியே அனுப்புகிறது என்பது இன்னொரு விமர்சனம். முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே முழுவதையும் மாற்றுதல், புதிய கட்டடங்களுக்குப் பழைய பிரெஞ்சுத் தோற்றம் தருதல் ஆகியவற்றையும் கட்டடக் கலைஞர் பலர் ஏற்பதில்லை.

மறுபுறம், வருமானம் தராத வீட்டைக் காக்கும் கடமையை உரிமையாளர் மீது மட்டும் சுமத்துவது நியாயமன்று என்ற வாதமும் வலுவானது. தெருவின் அழகை ஊரே நுகர்கிறது. கூரை ஒழுகினால் செலவு ஒருவருடையது. சொத்து வரிக் குறைப்பு, பழுது பார்க்கும் மானியம், குறைந்த வட்டிக் கடன், குடியிருப்பாகவே தொடரும் வீடுகளுக்குத் தனிச் சலுகை ஆகியன இச்சுமையைப் பகிரும் வழிகளாக முன்வைக்கப்படுகின்றன. இவற்றுள் கடைசியாகக் கூறியது தமிழர் பகுதிக்கு மிகவும் பொருந்தும். அங்கு காக்க வேண்டியது கட்டடம் மட்டுமன்று. திண்ணையில் அமர்ந்திருக்கும் மனிதரும் அம்மரபின் பகுதியாவர்.